விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

இன்ஜினியர் சாருக்குக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போவது என் வேலை இல்லை. நான் டைப்பிஸ்ட். ஆனால் ஆபீசில் ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவள் நான் ஒருத்திதான். மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை நான் பஸ் ஏறுகிற இடத்துக்கு எதிரிலேயே இருந்தது. அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. முகம் பார்க்கிற கண்ணாடி அல்ல. பெருமாள் படத்துக்கு முன்னால் போடுகிற சாதாரணக் கண்ணாடி. வெட்டும்போது மீந்துபோகிற ஓரங்களை விரல் நீளத்துக்கு நறுக்கிப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுப்பார் கடைக்காரர். "உங்க சாருக்கு இதெல்லாம் என்னத்துக்கும்மா? பொம்மை வீடு கட்டறாரா?" என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் நான் விளக்குவேன். அடுத்த தடவை மறுபடியும் கேட்பார்.

விஷயம் இதுதான். சுவரில் ஒரு விரிசல் இருந்தால், அது எப்போதோ விழுந்து நின்றுபோனதா, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் சிமென்ட் அப்பிவிட வேண்டும். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி இழுபட்டு உடைந்துவிடும். உடையாமல் இருந்தால் சுவர் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். இன்ஜினியர் சார் இதை ஊர் முழுக்கச் செய்துவைத்திருந்தார். மார்க்கெட், பள்ளிக்கூடம், பிரசவ ஆஸ்பத்திரி, பொதுக் கக்கூஸ் என்று எங்கே விரிசல் உண்டோ அங்கே அவருடைய கண்ணாடி இருக்கும். ஒட்டிய தேதியைக் கறுப்புப் பெயின்டால் அதன் மேல் எழுதியிருப்பார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சைக்கிளில் போய், கண்ணாடியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்ப்பார். திரும்பி வந்து என் மேஜை அருகில் நின்று ஒரு வரி சொல்வார். "முழுசா இருக்கு, போட்டுக்கங்கம்மா." அல்லது, "உடைஞ்சிருக்கு."

எந்த நகராட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. திருச்சியைச் சுற்றி அப்போது உள்ளாட்சி ஆபீசுகளுக்குப் பஞ்சமில்லை, எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. அது அவருக்காக அல்ல, எனக்காக.

ஒல்லியாக, உயரமாக இருப்பார். அரைக்கைச் சட்டை. எந்தச் சுவரிலும் சாய மாட்டார். நாற்காலியைச் சுவரிலிருந்து ஒரு கஜம் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். பாதியில் கட்டாமல் விட்ட அந்த மொட்டைக் கோபுரத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தியிருக்கான், புத்திசாலி" என்று மட்டும் சொன்னார். அவர் தமாஷ் பண்ணி நான் கேட்டது அந்த மாதிரி நாலைந்து இருக்கும். மற்றபடி பேச்சே கிடையாது. அதைவிட முக்கியம், கேள்வியே கிடையாது. ஒரு கட்டிடத்துக்குள் போனால் அங்கே இருக்கிற மனுஷர்களிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். எப்போது விழுந்த விரிசல், மழைக்கு ஒழுகுமா, கதவு சரியாகச் சாத்துகிறதா, ஒன்றும் கிடையாது. நேரே சுவரிடம் போவார், விரல் கணுவால் தட்டுவார், கண்ணாடியை ஒட்டுவார், "தொடாதீங்க" என்பார், போய்விடுவார்.

எங்கள் வீட்டுக்கே ஒருமுறை வந்தார். அடுக்களைச் சுவரில் கோடு விழுந்திருக்கிறது என்று நான் ஆபீசில் புலம்பியதைக் கேட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து நின்றார். அப்பா வடகலையார், ஆசாரம் பார்க்கிறவர். இருந்தாலும் மரியாதையாக, "வாங்கோ, உட்காருங்கோ, தீர்த்தம் சாப்பிடறேளா?" என்றார். சார் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுக்களைக்குள் போய்க் கண்ணாடியை ஒட்ட ஆரம்பித்தார். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது.

"இது உடைஞ்சுதுன்னா? உடைஞ்ச கண்ணாடி ஆத்துல இருக்கப்படாதே. அமங்களம்னா அது!"

"உடைஞ்சா வீட்டைக் காலி பண்ணணும்" என்றார் சார்.

அவர் போன பிறகு அப்பா என்னிடம் சண்டைக்கு வந்தார். "எத்தனை வருஷமா இந்த விரிசல் இருக்குன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டாரா அந்த மனுஷன்? நான் என்ன தூணா?" எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதம் கழித்து சார் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "வீடு இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கண்ணாடி இன்றைக்கும் முழுசாக இருக்கிறது. அடுப்புப் புகை படிந்து தேதி தெரிவதில்லை.

ஏன் யாரையும் கேட்பதில்லை என்று நானே ஒருநாள் கேட்டேன். மழை நாள், அவர் வெளியே போக முடியாமல் ஆபீசில் மாட்டிக்கொண்டிருந்தார். டீயை நின்றுகொண்டே குடித்து முடித்த பிறகு சொன்னார்.

நகராட்சிக்கு வருவதற்கு முன்னால் ஒரு தனியார் கம்பெனியில் எட்டு வருஷம் இருந்திருக்கிறார். ஆலைகளுக்குக் கட்டிடம், புகைபோக்கி, நெல் காயப்போடுகிற களம் எல்லாம் கட்டிக்கொடுக்கிற கம்பெனி. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் பாய்லர் அறைச் சுவரில் விரிசல். வாரத்துக்கு ஒருமுறைதான் இவரால் போக முடியும். போகும்போதெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்பார், பெரிதாகியிருக்கிறதா என்று. "இல்லீங்க, அப்படியேதான் இருக்குங்க" என்பார்கள். அறுவடைக் காலம். ஆலையை நிறுத்தினால் அவர்கள் வீட்டில் அடுப்பெரியாது. அதனால் வாராவாரம் விரிசலைச் சுண்ணாம்பு வைத்து அடைத்து, மேலே புகைக்கரியைத் தேய்த்துவைத்திருக்கிறார்கள். ஒருநாள் சுவர் சரிந்துவிட்டது.

"நாலு பேர்ம்மா. அதுல ரெண்டு பேரு என்கிட்ட 'இல்லீங்க'ன்னு சொன்னவங்க" என்றார். "கம்பெனியில பழிய மேஸ்திரி பேர்ல எழுதுன்னாங்க. எழுதலை, வந்துட்டேன். அதுலேருந்து கேக்கறதில்ல. கேட்டா பதில்தான் வரும். மனுஷன் பயத்துல பொய் சொல்லுவான், பசியில பொய் சொல்லுவான், மரியாதைக்குக்கூடப் பொய் சொல்லுவான். கண்ணாடிக்கு அதெல்லாம் தெரியாது."

எனக்கு அன்றைக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு ஓட்டை இருந்ததை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

அவருடைய கண்ணாடி வேலை செய்யும் என்பதை ஊரே பார்த்தது. மார்க்கெட்டில் கறிகாய்க் கொட்டகைத் தூணில் ஒட்டியது ஒருநாள் உடைந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அத்தனை கடையையும் வெளியே தள்ளினார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. "காலி பண்ணுங்க" என்ற ஒரே வார்த்தைதான். வியாபாரிகள் அவர் வம்சத்தையே திட்டினார்கள். சேர்மன், "இந்த ஆள் இன்ஜினியரா, ஜோசியரா?" என்றார். மூன்றாம் நாள் நடுப்பகலில் உத்தரம் இறங்கியது, அடியில் ஒரு நாய்கூட இல்லை. மறுநாள் முசிறியிலிருந்து வாழைக்காய் கொண்டுவந்து விற்கிற ஒருவர் ஒரு முழுத் தாரைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டார். "எனக்கு எதுக்கு? கண்ணாடிக்குக் குடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார் சார். அதற்குப் பிறகு நாங்கள் எல்லாருமே கண்ணாடியை நம்ப ஆரம்பித்துவிட்டோம். நானும்தான்.

இனி என் பங்குக்கு வருகிறேன். நான் தமிழ் டைப்பில் ஹயர் பாஸ் செய்தவள். ஆபீசுக்குத் தமிழ் டைப்ரைட்டர் புதிதாக வந்திருந்த சமயம், அதைத் தொடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சமல்ல. வந்த புதிதில் நான் அடித்துக் கொடுப்பதை சார் ஒரு எழுத்து விடாமல் படித்துத்தான் கையெழுத்துப் போடுவார். ஆறு மாதத்தில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் பிறகு படிப்பதை விட்டுவிட்டார். நான் நீட்டுவேன், அவர் போடுவார். கான்ட்ராக்டர் பில்லை நாலு தடவை பார்க்கிறவர், சேர்மன் சொன்ன வார்த்தையையே எழுதி வாங்குகிறவர், ஊரில் ஒருத்தரையும் நம்பாதவர் என்னை நம்பினார். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

துப்புரவுத் தொழிலாளர்களுக்கு நகராட்சி கட்டிக்கொடுத்த லைன் வீடுகள் வாய்க்காலைத் தூர்த்த இடத்தில் இருந்தன. வரிசையின் கடைசி வீட்டில் பின்சுவர் வெடித்திருந்தது. மொத்தச் சுவரையும் இடித்துக் கட்ட வேண்டும் என்று சார் எழுதினார். விரிசல் வளர்கிறது என்று காட்டினால் இந்த வருஷம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் என்று கவுன்சில் சொல்லிவிட்டது. சார் போய்க் கண்ணாடியை ஒட்டினார். அந்த வரிசையில் குழந்தைகள் அதிகம் ஓடியாடிக்கொண்டிருந்ததால், ஒரு நோட்டீசும் ஒட்டிவிடலாம் என்று என்னிடம் வந்தார்.

"சுவரில் ஒட்டியுள்ள கண்ணாடி நகராட்சி வைத்தது. அதை யாரும் தொடக் கூடாது. அவ்வளவுதான்ம்மா."

அடித்துப் பார்த்தேன். மொட்டையாக இருந்தது. எங்கள் ஆபீசிலிருந்து போகிற எந்த நோட்டீசும் அப்படி முடியாது. குழாயில் துணி துவைக்கக் கூடாது என்றாலும், ரோட்டில் மாடு கட்டக் கூடாது என்றாலும் கடைசியில் ஒரு வரி வந்தே ஆகவேண்டும். நானாகச் சேர்த்தேன்: "சேதப்படுத்துவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படுவதுடன், குடியிருக்கும் வீட்டையும் காலி செய்ய நேரிடும்." படித்துப் பார்த்தேன், கம்பீரமாக இருந்தது. நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் அவர் தவறாமல் போய்ப் பார்த்தார். வந்து சொன்னது ஒரே வரிதான். "முழுசா இருக்கு, போட்டுக்கங்கம்மா." நான் போட்டேன். விரிசலில் அசைவு இல்லை, அசைவு இல்லை, அசைவு இல்லை. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் பிற்பகலில் அந்தச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. விடிகாலை வேலைக்குப் போய்த் திரும்பி வந்து தூங்கிக்கொண்டிருந்த அந்த வீட்டுக்காரர் சின்னையன் அடியில் போய்விட்டார். அவருடைய ஆறு வயது மகளும் பக்கத்தில் படுத்திருந்தாள். மனைவி அஞ்சலை தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள்.

சார் அன்று மண்ணுக்குள் கையை விட்டுக் கண்ணாடியைத் தேடினாராம். கூட இருந்தவர்கள் இதைக் கோபமாகச் சொன்னார்கள். பிள்ளையைத் தேடாமல் கண்ணாடியைத் தேடுகிறான் பார் என்று. ஆபீசுக்கு வந்தபோது அவர் விரல்களில் ரத்தம் காய்ந்திருந்தது. "முந்தாநாள்கூட முழுசா இருந்துதும்மா" என்றார். மறுபடி மறுபடி அதையே சொன்னார்.

மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். கவுன்சில் ஹாலில் நீள மேஜை. ஒரு ஓரத்தில் டைப்ரைட்டருடன் நான், வாக்குமூலங்களை அடிக்க. எதிரில் சார், வழக்கம்போல் சுவரை விட்டுத் தள்ளி. அஞ்சலையைக் கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையில் ஒரு சின்னத் துணி மூட்டை வைத்திருந்தாள்.

அதிகாரி, "கண்ணாடி உடைஞ்சதை நீங்க யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தோமுங்க. மூணு தடவ ஒடைஞ்சுதுங்க."

அவளே மேலே சொன்னாள்.

"புள்ளைங்க கைபட்டு ஒடைஞ்சிருக்கும்னு நெனைச்சோமுங்க. எம்மவள நல்லா அடிச்சுக்கூடப் போட்டேன். அது நான் இல்லம்மா, நான் இல்லம்மான்னுச்சு. நான் நம்பலீங்க. எங்க வூட்டுக்காரரு அதே அளவுல வேற கண்ணாடி வாங்கியாந்து, ஐயா ஒட்டுன மாதிரியே ஒட்டுனாருங்க. அவரு முன்ன சித்தாள் வேலை பாத்தவரு. மேல எழுதியிருந்ததையும் பாத்துப் பாத்து அப்படியே எழுதுனாரு. ஐயா வந்து நெகத்தால தடவிப் பாத்துட்டுப் போவாங்க. அவங்க போறவரைக்கும் எங்களுக்கு உசுரே இருக்காதுங்க."

"ஏம்மா, ஆபீஸ்ல வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்புடிங்க சொல்றது? ஒடைச்சா கேஸு, வூட்டையும் காலி பண்ணணும்னு காயிதத்துல போட்டிருக்குன்னு பில் கலெக்டரு படிச்சுக் காமிச்சாருங்களே. மழை நேரத்துல புள்ளைய வெச்சுக்கிட்டு எங்க போறது?"

பிறகு மூட்டையை அவிழ்த்தாள். சர்க்கார் சாமானைத் தூக்கிப் போடக் கூடாது என்று மூன்று கண்ணாடிகளின் உடைந்த துண்டுகளையும் பத்திரமாக முடிந்துவைத்திருந்தாள். சார் எழுந்து வந்தார். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் ஜோடி சேர்த்தார். மூன்றும் ஒரே மாதிரி நடுவில் நேராக உடைந்திருந்தன. கல் பட்டு நொறுங்கியது அல்ல, இழுபட்டு உடைந்தது. மூன்று தடவை அந்தச் சுவர் சொல்லியிருக்கிறது. மூன்று தடவையும் நல்ல மனுஷர்கள், பயந்த மனுஷர்கள், புதுக் கண்ணாடி வாங்கி அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிஷம் நின்று, இது எதற்கு ஒட்டுகிறேன் தெரியுமா என்று அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். அவர் சாய்ந்து நிற்கச் சுவரைத் தேடுகிற மாதிரி ஒரு கணம் கையை நீட்டினார். பின்னால் சுவர் இல்லை.

அதிகாரி ஃபைலிலிருந்து நோட்டீசை உருவி அவர்முன் வைத்தார். "இந்தக் கடைசி வரி. இதை நீங்கதான் போடச் சொன்னீங்களா?"

சார் அப்போதுதான் அந்தத் தாளை முதன்முதலாகப் படித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தைரியம் இல்லை. என் விரல்கள் டைப்ரைட்டர்மேல் இருந்தன. எழுந்து நின்று, நான் சேர்த்தது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அப்பா படுக்கையில், வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நிமிஷத்தில் நான் அப்பாவை நினைக்கவில்லை, பயந்துபோயிருந்தேன், அவ்வளவுதான்.

"ஆமா. நான் சொன்னதுதான்" என்றார் சார். "டைப் பண்ணினவங்களுக்கு இதுல சம்பந்தமில்ல."

அதிகாரி என் பக்கம் திரும்பி, "அதையும் பதிவு பண்ணுங்கம்மா" என்றார். பண்ணினேன். யாரையும் நம்பாத அந்த மனுஷர், எனக்குத் தெரிந்து, ஒரே ஒரு பொய் சொன்னார். அதை நான் பிழையில்லாமல், இரண்டு கார்பன் வைத்து, அடித்தேன்.

சின்னையனின் வேலையை அஞ்சலைக்கே கொடுத்து எங்கள் ஆபீசைப் பெருக்கப் போட்டார்கள். நான் ரிட்டயராகிறவரை தினம் என் மேஜைக்கடியில் பெருக்கினாள். "காலைக் கொஞ்சம் தூக்கிக்கங்கம்மா" என்பாள், தூக்கிக்கொள்வேன். எத்தனையோ வருஷம், எத்தனையோ காலை. மகளை அடித்ததைப் பற்றி எப்போதாவது சொல்லி அழுவாள். "பொய் சொல்லுதுன்னு நெனைச்சேம்மா" என்பாள். நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன், புடவை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த வரியை யார் எழுதியது என்று மட்டும் சொல்லவில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்பதிலிருந்தே நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ளலாம்.

சாரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கடைசி நாள் பொறுப்பை ஒப்படைக்கிற அறிக்கையை நான்தான் அடித்தேன். ஆறே வரி. அவர் என் மேஜை அருகில் வந்து நின்றார். எப்போதும்போல் நீட்டினேன். பேனாவைத் திறந்தவர் மறுபடி மூடிச் சட்டைப்பையில் செருகினார். தாளை என் மேஜைமேல் விரித்துவைத்துக் குனிந்தார். முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு வரிக்கும் அடியில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டிக்கொண்டே படித்தார். நான் உட்கார்ந்திருந்தேன். கடைசி வரிவரை போய், தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.